சுண்ணாம்பு இல்லாத பாலம்

அன்புள்ள அப்பாவுக்கு,

காசில்டா எழுதுகிறேன். முதுகுவலி குறைந்ததா? இங்கே செகோவியாவில் நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். எனக்குச் சளி பிடித்திருப்பதும் உண்மைதான், ஆனால் லேசாகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை நீர்ப்பாலத்தடியில், ஊர் பார்க்க வருபவர்களுக்கு வரலாறு சொல்ல எங்கள் பள்ளியில் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தார்கள். தண்ணீர் சுமந்த பெண்ணுக்காகச் சாத்தான் ஒரே இரவில் அதைக் கட்டிய கதையையே மற்றவர்கள் சொன்னார்கள். நான் ரோமானியர் காலத்து வேலையாட்களைப் பற்றிச் சொன்னேன். அவர்கள் சுண்ணாம்பே இல்லாமல் கல்மேல் கல் அடுக்கினார்கள் என்றேன்.

“சுண்ணாம்பு இல்லாம நிக்குமா? யார்கிட்ட கதை விடுற, பாப்பா?” என்றார் கூட்டத்திலிருந்த ஒரு தொப்பிக்காரர்.

“எங்கப்பா ஆட்டுப்பட்டிக்கு அப்படித்தான் சுவர் வைக்கிறாருங்க.”

“அப்போ இதையும் உங்கப்பாதான் கட்டினாரோ?”

எல்லாரும் சிரித்தார்கள்.

“அவர் கட்டியிருந்தா இன்னும் நேரா நின்னிருக்கும்,” என்றேன்.

தொப்பிக்காரரே முதலில் கைதட்டினார். உங்கள் பெயரைக் கேட்டார். “ஃபெர்மின் அல்கோன்” என்று வளைவுகளில் எதிரொலிக்கும்படி சொன்னேன். கோடைவரை நான்தான் வழிகாட்டி!

விடுதியில் என் அறை ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்கிறது. முட்டுக்கொடுக்க நம் பட்டிச் சுவரிலிருந்து ஒரு தட்டைக் கல் அனுப்புங்கள். இங்கேயும் கல் இருக்கிறது. ஆனாலும் நீங்கள் தொட்ட கல்லாக இருக்கட்டும். கம்பளிக் காலுறையும்

விளக்கை அணைத்துவிட்டார்கள், அப்பா.