ரங்கூன் அறையில் தொங்கிய தேங்காய்

சேசு மரி சூசை துணை
சாந்தோம், 9 ஆகஸ்டு 1934

கண்ணான மகன் லாசருக்கு, அம்மா தேசம்மாள் சொல்லச் சொல்ல உன் தங்கை இன்னாசியம்மாள் எழுதுவது. மாதா கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். அப்பாவின் இருமல் குறைந்திருக்கிறது, தங்கை ஏழாம் வகுப்பில் தேறிவிட்டாள். நீ சுகமா என்று கேட்கத்தான் இந்த முறை எனக்குப் பயமாக இருக்கிறது.

உன்னோடு ஒரே அறையில் இருந்த மண்ணாங்கட்டி போன மாதக் கப்பலில் ஊர் வந்து சேர்ந்தான். நம் வாசலில் உட்கார்ந்து ரங்கூன் கதையெல்லாம் சொன்னான். "அத்தை, வூட்டுக் கம்பத்துல செவப்புத் துணி கட்டி ஒரு தேங்கா தொங்கிக்கினு இருந்திச்சி, யாரோ மறந்து வுட்டுட்டுப் போய்ட்டாங்கன்னு சட்டினி அரைச்சித் துன்னுட்டோம், ஒடச்சது உம் புள்ளதான்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். வீட்டுக்காரக் கிழவி வெறும் கயிற்றைப் பார்த்துவிட்டு அறைக்குள் எட்டிப் பார்த்துப் போனாள் என்றும் சொன்னான், அதை நான் காதில் வாங்கவில்லை.

திங்கட்கிழமை உன் கடிதம் வந்தது. வீட்டுக்காரி இப்போதெல்லாம் தினமும் காலையில் கதவண்டை வந்து ஏதோ கேட்கிறாள், புரியாவிட்டாலும் மரியாதைக்குத் தலையாட்டுகிறேன், உடனே இரண்டு கிண்ணம் சோறு வைத்துவிட்டுப் போகிறாள், ஒன்றை நான் சாப்பிடுகிறேன், சாயங்காலம் வந்து பார்த்தால் மற்றதும் காலியாக இருக்கிறது, பூனை போலிருக்கிறது என்று எழுதியிருந்தாய். வேடிக்கைக்காக அவள் கேட்பதைத் தமிழ் எழுத்தில் எழுதியும் அனுப்பியிருந்தாய். அதற்கு அர்த்தம் தெரியாமல் தங்கைக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் நான் மீன் கூடையோடு போகும்போது கூடவே வந்து, பஜார் சந்தில் இருக்கும் அமீனா பீயிடம் காட்டினாள். அந்த அம்மாள் புருஷனோடு ரங்கூனில் பன்னிரண்டு வருஷம் குடை வியாபாரம் பார்த்தவள். "இன்னா தேசம்மா, உம் புள்ள எய்துன பர்மா பாஷையப் பாத்தா பர்மாக்காரன் அயுதுடுவான்" என்று முதலில் கேலி செய்தாள். பிறகு மெல்ல வாய்விட்டுப் படித்தாள். கையிலிருந்த வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு, "இதுக்கு அவன் இன்னா பதில் சொன்னான்?" என்றாள். தலையாட்டுகிறான் என்றோம். கிழவி கேட்பது இதுதானாம்: "உள்ளே இன்னொருவர் இருக்கிறாரா?"

அந்தத் தேங்காய் அவர்கள் வீட்டுக் காவல் தெய்வத்தின் இருப்பிடமாம். வீட்டுக்கு வீடு கட்டிவைத்துக் கும்பிடுவார்களாம். "இருக்கிற எடத்தை இவன் துன்னுட்டான், அவரு எங்க போவாரு?" என்றாள் அமீனா பீ. நம் வாசல் நிலையில் செருகியிருக்கும் குருத்தோலைச் சிலுவையை எவனாவது பிடுங்கி அடுப்புப் பற்றவைத்தால் நாம் சும்மா இருப்போமா, யோசித்துப் பார். போன இடத்துப் பாஷை வேண்டாம், மில்லில் எல்லாரும் தமிழ்தானே பேசுகிறார்கள் என்று இரண்டு வருஷம் ஓட்டிவிட்டாய். கூலி கேட்க அது போதும், குடியிருக்கப் போதாது. இனிமேல் தினம் நாலு வார்த்தை அந்தக் கிழவியிடமே கற்றுக்கொள். தெரியாததற்குத் தலையாட்டாதே. எதையும் தொடுமுன் கேள்.

இதைக் கண்டதும் நல்ல முழுத் தேங்காயாக ஒன்று வாங்கு. சிவப்புத் துணியை எப்படிக் கட்டுவது என்று அவளைக் கேட்டு, அவள் சொல்கிறபடியே கட்டித் தொங்கவிட்டு, அவள் முன்னால் கையெடுத்து மன்னிப்புக் கேள். மறுநாள் காலை அவள் கேட்டால் "மஷிபூ" என்று சொல், இல்லை என்று அர்த்தமாம். தேங்காய் கட்டுமுன் சொல்லிவிடாதே, அது பொய்யாகிவிடும் என்று அமீனா பீ இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள்.

அந்தோணியாரும் மாதாவும் உனக்குத் துணையிருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விடாதே. இன்னொன்று மகனே, மண்ணாங்கட்டி இங்கே நம் கண்ணெதிரில் வலை உலர்த்திக்கொண்டிருக்கிறான். நீயோ கடிதத்தின் கடைசி வரியில் "நாங்கள் இருவரும் சுகம்" என்று எழுதியிருக்கிறாய். தங்கை மூன்று முறை படித்துக் காட்டினாள், அப்படித்தான் இருக்கிறது. பதிலில் "நான் சுகம்" என்று மட்டும் எழுது. அதைப் பார்க்கும்வரை எனக்குத் தூக்கமில்லை.

உன்னை ஆசீர்வதிக்கும் அம்மா,
தேசம்மாள் கைநாட்டு