சியோல் வாய்

பூசான்,
மார்ச் 4, 1996

கண்ணே ஹே-வன்,

கர்த்தர் கிருபையால் நானும் உன் அப்பாவும் சுகம். உன் கடிதம் வந்தது. வானொலிச் செய்தி வாசிப்பாளர் தேர்வு முடியும்வரை போன் பண்ணாதே என்கிறாய். என்னோடு ஒருதரம் பேசினால் உன் நாக்கு மறுபடி பூசானுக்கே ஓடிவந்துவிடுகிறதாம். பெற்றவள் பேச்சு தொற்றுநோயா? கோபத்தில் கிம்ச்சிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். ஆனாலும் விடியற்கால ஜெபத்தில் உன் நாக்குத் திருந்தத்தான் மன்றாடுகிறேன்.

அம்மா, மால்-சூன்

சியோல்,
மார்ச் 15

அன்புள்ள அம்மாவுக்கு,

கோபித்துக்கொள்ளாதீர்கள். பல்லிடுக்கில் தக்கையைக் கடித்துக்கொண்டு வாசித்து வாசித்துத் தாடை வலிக்கிறது. நேற்றுப் பயிற்சி வகுப்பில் ஒரு வரியில் நம் ஊர் இழுப்பு வந்துவிட்டது. "செய்தி வாசிக்கிறியா, மீன் விக்கிறியா?" என்றார் ஆசிரியர். எல்லோரும் சிரித்தார்கள். இதனாலேயே இரண்டுமுறை தோற்றேன். வயதும் ஏறுகிறது. இதுதான் கடைசி.

ஹே-வன்

பூசான்,
ஏப்ரல் 2

மகளே,

வானொலியைக் கேட்டுக் கேட்டு நானும் சியோல் பேச்சு பழகினேன். அப்படிப் பேசினால் உனக்குப் போன் பண்ணலாமே! ஜெபத்தில் பழகிப் பார்த்தேன். சபையில் இன்-ஜா அக்கா, "ஏட்டி, கர்த்தர் எப்போ சியோலுக்குக் குடிபோனாரு? எங்ககிட்டச் சொல்லவேயில்ல!" என்றாள். இத்தனை வருஷமாக நான் மீன் வாங்கும் சந்தை மீன்காரி, "ஊருக்குப் புதுசாம்மா?" என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லும் விலையைச் சொன்னாள். "கூறுகெட்டவளே, நான் மால்-சூன்ட்டி!" என்ற பிறகுதான் இறங்கி வந்தாள்.

ஞாயிறன்று போனில் உன்னிடமும் சுத்தமாகத்தான் பேசினேன். நீயும். மழையைப் பற்றிப் பேசினோம். சாப்பிடவில்லை என்றாய், சரி என்றேன். வைத்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பேச்சில் எனக்குத் திட்ட வரவில்லை. இனிப் பண்ணமாட்டேன். தேர்வை முடி.

அம்மா

பூசான்,
ஜூன் 11

ஹே-வன்,

நீ தேர்வானதற்குச் சபையே ஸ்தோத்திரம் சொன்னது. நேற்றுக் காலை வானொலியில் செய்தி ஓடியது. அப்பா சோற்றிலிருந்து தலை நிமிராமல், "யாரு பெத்த பிள்ளையோ, என்னமா வாசிக்கி!" என்றார். முடிவில் நீ உன் பெயரைச் சொன்னாய். அவர் கரண்டி அந்தரத்தில் நின்றது. அப்புறம் அவர் சாப்பிடவில்லை.

நான் கேட்டதை ஆண்டவர் கேட்டபடியே கொடுத்துவிட்டார். இனி அவரிடம் போய் என்னவென்று முறையிட? போன் பண்ணாதே என்றவள், தேர்வு முடிந்து மாதமாகியும் பண்ணு என்று சொல்லவில்லை. சொல்வாய் என்று நானும் காத்திருக்கப்போவதில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து கூப்பிடுவேன். என் வாயால்தான் பேசுவேன். எடுத்ததும் திட்டுத்தான். உன் வேலைக்கு அது ஆகாதென்றால் எடுக்காதே. மணி தானாக ஓயும்வரை நான் வைக்கமாட்டேன்.

உன் அம்மா