31274 இங்கே வந்து நின்றது

அன்புள்ள வாலுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கும் அப்பாவுக்கும் நேரத்துக்குப் பசிக்கிறது, படுத்தால் தூக்கம் வருகிறது, சண்டையும் தினம் இரண்டு வேளை குறையாமல் நடக்கிறது, அதனால் இரண்டு பேரும் சௌக்கியம் என்று வைத்துக்கொள். நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்பதுதான் தெரியவில்லை. போனை எடுக்கவே மாட்டேன் என்கிறாய். எடுத்தாலும் பாதியில் நீ அழுவாய், இல்லாவிட்டால் நான் அழுவேன், பேச வந்ததைப் பேச முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடைசிவரை படி, நடுவில் மடித்து வைக்காதே. இங்கே பத்து நாளாக மத்தியானம் ஆனால் மழை பிடித்துக்கொள்கிறது, காலையில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. தையல் அறைக் கூரையில் ஜன்னலுக்கு மேலே ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறோம். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, ஆனால் கத்தரியைக் கையில் எடுத்தால்தான் வலி போகிறதாம், மார்க்கெட்டுக்குப் போகச் சொன்னால் திரும்ப வந்துவிடுகிறதாம்.

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. கடிதமா அது, நாலு வரி. 31274 என்ற இன்ஜினுக்குள்ளே ஸ்பேனரை மறந்து வைத்துவிட்டேன், என்னால் வண்டி நாலு மணி நேரம் தாமதம், மெமோ கொடுத்துவிட்டார்கள், இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை, ஒண்ணாம் தேதி ராஜினாமா கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன். அவ்வளவுதான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அந்த வேலைக்காக நீ எத்தனை பரீட்சை எழுதினாய், கிரீஸ் கறை போகாத கையோடு எத்தனை நாள் சாப்பிட்டாய், ஆம்பளைப் பசங்களே ஏறத் தயங்குகிற இடத்தில் ஏறுகிறேன் என்று எவ்வளவு பெருமையாகச் சொன்னாய், ஒரு ஸ்பேனருக்காக எல்லாவற்றையும் தூக்கிப் போடுகிறாளே என்று ஆற்றாமையாக இருந்தது. அப்பாவிடம் காட்டினேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, வந்தா வரட்டும்டி, இங்க பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்க ஆள் இல்லாமத்தானே கிடக்கோம் என்றார். சொல்லிவிட்டு மறுபடி வெட்டுகிற பலகைக்குப் போனார். துணியில் சாக்கட்டியால் கோடு போட்டார், தட்டினார், மறுபடி போட்டார். உன்னைச் சமாளிக்கத் தெரியாமல்தான் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறார், நீ அதைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடாதே.

நான் ரயில் பார்க்கிற விஷயம் உனக்குத் தெரியும், ஆனால் எந்த அளவுக்குப் பைத்தியம் முற்றியிருக்கிறது என்று தெரியாது. நீ வேலைக்குப் போன மாதம் ஜன்னல் வழியாக ஒரு கூட்ஸ் போயிற்று. இன்ஜின் பக்கவாட்டில் நீ ரிப்பேர் வேலை பார்க்கிற இன்ஜின் ஷெட்டின் பெயர் எழுதியிருந்தது. மெஷினை அப்படியே நிறுத்திவிட்டு எழுந்து நின்றேன். அது என் மகள் கை வைத்த இன்ஜினாக இருக்கலாமே. அன்றைக்கு ஆரம்பித்தது. இப்போது ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் எனக்கென்று ஓர் இடமே இருக்கிறது, மூன்றாவது கம்பத்துக்குப் பக்கத்தில். காலை பாசஞ்சர், பதினொரு மணி எக்ஸ்பிரஸ், நடுவில் நிலக்கரி, எண்ணெய் டாங்கி, கன்டெய்னர், தானியம். வெயிலில் தண்டவாளம் கண்ணைக் கூசும், நெற்றியில் கை வைத்துக்கொண்டு நம்பரைப் பிடிக்க வேண்டும். மழையில் முகப்பு விளக்கு மட்டும்தான் தெரியும், இன்ஜின் காலுக்குக் கீழே வரும்போது ஒரு நொடியில் படித்தால் உண்டு. பாசஞ்சர் பார்ப்பது சுலபம், அது நிற்கும், ஆட்கள் இறங்குவார்கள், கூடை மாறும், குழந்தை அழும். கூட்ஸ் அப்படி இல்லை. அது யாருக்காகவும் நிற்காது, அதனால்தான் எனக்கு அதன்மேல் ஆசை. பாலத்தில் நின்று நம்பர் படிப்பதால் பால வாசகர்கள் என்று அப்பா எங்களுக்குப் பட்டப்பெயர் வைத்திருக்கிறார். எங்களுக்கு என்றால் எனக்கும் நம் தெருமுனைப் பல் டாக்டருக்கும். அவர் போனில் பார்த்து எந்த வண்டி எங்கே வருகிறது என்று முன்னாலேயே சொல்லிவிடுவார். எனக்கு அது பிடிக்காது. வருவது தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது பார்க்க?

இந்தப் பைத்தியத்தால் போன மாதம் ஒரு கூத்து நடந்தது, சிரிக்காதே. நான் நம்பர் எழுதுவதற்கென்று தனி நோட்டு வைத்துக்கொள்ளவில்லை, அளவு நோட்டிலேயே எழுதிவிடுவேன். டாக்டர் பேன்ட் தைக்க வந்திருந்தார். உயரம் எழுதிவிட்டேன், இடுப்புக்கு டேப்பைச் சுற்றினேன், அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே எண்ணெய் டாங்கி வண்டி. டேப்பை அவர் இடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடினேன், டாக்டரும் டேப்போடு பின்னாலேயே ஓடி வந்தார். முப்பத்தெட்டு டாங்கி. திரும்பி வந்து திறந்திருந்த பக்கத்தில் முப்பத்தெட்டு என்று எழுதினேன், நோட்டை மூடினேன். இடுப்பு அளவு எழுதவே இல்லை. அப்பா நோட்டைப் பார்த்து வெட்டினார், நான் தைத்தேன். டாக்டர் போட்டுப் பார்த்தபோது பேன்ட்டைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறார், இன்னொரு ஆள் உள்ளே வரலாம். ஏங்க, இந்த ஒல்லி மனுஷனுக்கு முப்பத்தெட்டுனு வெட்டும்போது கை கூசலையா என்று அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால், நோட்டு சொன்னதை வெட்டுறவன் நான், ஆளைப் பார்த்து வெட்டுறவன் இல்லை என்கிறார். எனக்கு மானம் போய்விட்டது. டாக்டரிடம் என்ன சொன்னேன் தெரியுமா? நீங்கதான் இளைச்சுட்டீங்க டாக்டர் என்று சொல்லிவிட்டேன். வாய் தவறிக்கூட இல்லை, முகத்தைப் பார்த்து, வருத்தப்படுகிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு சொன்னேன். மனுஷர் பயந்துபோய் ரத்தம் கொடுத்து, எக்ஸ்ரே எடுத்து, ஒரு வாரம் ராத்திரி கஞ்சி குடித்துக்கொண்டு கிடந்தார். எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட் வந்த பிறகும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. பாலத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு, நல்லா சாப்பிடுங்க டாக்டர் என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தேன். உன் அம்மா இப்படிப்பட்டவள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் மழை கொட்டிக்கொண்டிருந்தது. உன் கடிதத்தால் மனசு சரியில்லாமல் குடையை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனேன், டாக்டர் வரவில்லை. ஒரு நிலக்கரி கூட்ஸ் மெதுவாக வந்து, பாசஞ்சருக்கு வழிவிடுவதற்காக மெயின் லைனிலிருந்து ஒதுங்கி லூப் லைனில், இரண்டாவது பிளாட்பாரத்தை ஒட்டி நின்றது. நான் மேலேயிருந்து நம்பரைப் படித்தேன். 31274. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். வாலு, ஒன்றரை வருஷமாக ஆயிரத்துச் சொச்சம் நம்பர் எழுதியிருக்கிறேன், எதற்காகவும் நான் கீழே ஓடினதில்லை. படிக்கட்டில் எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. இன்ஜின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அதைத் திட்டினேன். ஏண்டி, உன்னாலதானே என் பொண்ணு வேலையை விடுறா என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. டிரைவர் ஜன்னலைத் திறந்து, என்னம்மா, யாரைத் திட்டுறீங்க என்று கேட்டார். நாற்பது வயசு இருக்கும், தலையில் துண்டு கட்டியிருந்தார். உங்க இன்ஜினைத்தான் தம்பி, இது நல்லா ஓடுதா என்று கேட்டேன். சும்மா சொல்லக்கூடாதும்மா, மூணு நாளா இழுக்குது, ஒரு முணுமுணுப்புக் கிடையாது, மேட்டுல ஏறும்போது பயந்துட்டே வந்தேன், சறுக்காம ஏறிடுச்சு என்றார். அப்போது நான் சொன்னேன், என் பொண்ணு இந்த ஷெட்லதான் தம்பி வேலை பார்க்குறா, இந்த இன்ஜினுக்குள்ள ஸ்பேனரை விட்டுட்டாளாம் என்று. அவர் ஒரு மாதிரி என்னைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு நோட்டோடு வந்தார். ஒவ்வொரு இன்ஜினுக்கும் அப்படி ஒரு பதிவேடு இருக்குமாமே, ஷெட்டில் என்ன ரிப்பேர் பார்த்தார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அது இன்ஜினோடேயே ஊர் ஊராகப் போகுமாமே. நீ எனக்கு ஒரு நாளும் சொன்னதில்லை. அதை எனக்குக் காட்டலாமோ கூடாதோ, யார்கிட்டயும் என் பேரைச் சொல்லிடாதீங்க என்று சொல்லிவிட்டுத்தான் காட்டினார், அவர் பேரே எனக்குத் தெரியாது.

மழை படாமல் குடையை நோட்டுக்குப் பிடித்துக்கொண்டு படித்தேன். புள்ளியை வட்டமாகச் சுழிக்கிற உன் கையெழுத்து. சின்ன வயசில் அதற்காக எத்தனை தடவை உன்னைக் கொட்டியிருக்கிறேன், எங்கே கண்டாலும் எனக்குத் தெரியாதா. என்ன எழுதியிருந்தாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா, நான் மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறேன். மின் அறைக்குள் ஸ்பேனர் ஒன்றை நான் மறந்து வைத்துவிட்டேன். வண்டி புறப்படும் நேரத்தில் என் கருவிப் பெட்டியை எண்ணிப் பார்த்தபோது தெரிந்தது. நானே சொல்லி வண்டியை நிறுத்தினேன். ஸ்பேனரை எடுத்துவிட்டேன். முழு இன்ஜினையும் மறுபடி சோதித்துவிட்டேன். கீழே உன் கையெழுத்து. அடிப்பாவி, எங்களுக்கு எழுதின நாலு வரியில் இந்தப் பாதியை ஏன் விட்டாய்? மறந்ததை எழுதினாய், தாமதத்தை எழுதினாய், மெமோவை எழுதினாய். யாருமே கண்டுபிடிக்காத ஒன்றை நீயே போய்ச் சொல்லிக் கிளம்ப இருந்த வண்டியை நிறுத்தினேன் என்று ஏன் எழுதவில்லை? டிரைவர் கேட்டார், இது உங்க பொண்ணுதானாம்மா என்று. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அந்த ஸ்பேனர் உள்ள கிடந்திருந்தா நடு வழியில நானோ என்னை மாதிரி ஒருத்தனோதாம்மா கருகியிருப்போம், நாலு மணி நேரம் லேட்டானா என்ன, திட்டு வாங்கப் போறோம்னு தெரிஞ்சே சொல்லிச்சே அந்தப் பொண்ணு, அது போட்ட கையெழுத்து இருந்தா நான் கண்ணை மூடிக்கிட்டு ஏறுவேன். இதைச் சொல்லி முடிக்கவும் பாசஞ்சர் போகவும் சிக்னல் விழவும் சரியாக இருந்தது. நீளமாக ஒரு ஹாரன் அடித்தார். நான் அந்த மழையில் நின்று அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன், பெருமை தாங்காமல் அழுதேன். வண்டி முழுக்கப் போய்ப் பின்னால் கார்டு பச்சைக் கொடி காட்டின பிறகுதான் நினைவு வந்தது, வண்டியில் எத்தனை பெட்டி என்று எண்ணவே இல்லை. என் நோட்டில் 31274 என்று எழுதி அதற்குப் பக்கத்தில் காலியாக விட்டிருக்கிறேன். அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.

மறுநாள் காலையில் பாலத்தில் டாக்டரைப் பார்த்தேன். நேராகப் போய், டாக்டர், நீங்க இளைக்கவே இல்லை, அந்த முப்பத்தெட்டு எண்ணெய் டாங்கி, நான்தான் மாத்தி எழுதினேன், எழுதினதோட பொய்யும் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். மகள் செய்ததை அம்மா செய்ய மாட்டேன் என்றால் எனக்கே அசிங்கமாக இல்லையா. அவர் முகம் சிவந்துபோய் ஒரு பாசஞ்சர், இரண்டு கூட்ஸ் போகிறவரை தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் நகரவில்லை. அப்புறம், அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையா, நிஜமாவே ஒண்ணும் இல்லையா என்று மூன்று தடவை கேட்டுவிட்டுக் கடகடவென்று சிரித்தார். எதிரில் இருந்த கடையில் டீயும் பிஸ்கட்டும் அவரே வாங்கிக் கொடுத்தார். பேன்ட்டைப் பிரித்துச் சரியாகத் தைத்துக் கொடுத்துவிட்டேன். ஆனால் இனிமேல் அளவு எடுக்கும்போது ஜன்னலைச் சாத்த வேண்டும் என்று கண்டிஷன் போட்டிருக்கிறார். உன் பதிவேட்டில் இருந்ததை அப்பாவிடம் சொன்னபோது கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, திரும்பச் சொல்லு என்றார். நாலு தடவை சொல்ல வைத்தார். இப்போது கடைக்கு வருகிற ஒருத்தர் விடாமல் பிடித்து நிறுத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறார், பட்டன் வாங்க வந்த பெண்கூட முழுக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் போனாள். காஜா எடுக்க வேறு ஆள் பார்த்துக்கிறேன்னு அவகிட்ட எழுது என்று எனக்கு உத்தரவு.

என் கண்ணே, உன்னை நான் கட்டாயப்படுத்தவில்லை. வரவேண்டும் என்று தோன்றினால் வா, இது உன் வீடு, கதவைத் தட்டக்கூட வேண்டாம். ஆனால் அந்த ராஜினாமாவை எழுத உட்கார்ந்தால் எனக்கு எழுதின மாதிரி பாதி எழுதாதே. 31274-இல் எழுதின மாதிரி முழுசாக எழுது. மறந்ததையும் எழுது, எண்ணிப் பார்த்ததையும் எழுது, நிறுத்தினதையும் எழுது. எழுதி முடித்து நீயே ஒரு தடவை வாய்விட்டுப் படி. அதற்கு அப்புறமும் இந்த வேலைக்கு நீ லாயக்கில்லை என்று உனக்குத் தோன்றினால் தாராளமாகக் கொடு.

நேரத்துக்குச் சாப்பிடு, போன தடவை கையில் சுட்டுக்கொண்டாயே அதற்குக் களிம்பு தடவு, நனைந்த ஷூவோடு வேலைக்குப் போகாதே. நீ தொட்டதெல்லாம் நல்லபடி ஓட வேண்டும், ஓட வைக்கிறவர்களோடு நீயும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும். ஒண்ணாம் தேதி சாயங்காலம் போன் பண்ணு, எந்த முடிவாக இருந்தாலும் பண்ணு. அப்புறம் முக்கியமானது, இனிமேல் நீ கையெழுத்துப் போடுகிற ஒவ்வொரு இன்ஜின் நம்பரையும் எனக்கு எழுதி அனுப்பு. மூன்றாவது கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் கையெழுத்தை இனிமேல் குறை சொல்லாத
அம்மா