சின்ன டிஸ்க்கை அழித்தது என் கைதான்

இன்று காலை கடைக்கு வந்த ஒரு பழைய லேப்டாப்பில் புது விண்டோஸ் போட உட்கார்ந்தேன். திரையில் டிஸ்க்குகள் இரண்டாகத் தெரிந்தன, ஒன்று பெரியது, ஒன்று சின்னது. கையை எடுத்துவிட்டேன். அதற்கு மேல் வேலை ஓடவில்லை. உனக்கு எழுதுகிறேன்.

நெல்லித்தோப்பில் நாம் இருவரும் கடை போட்ட புதிதில்தான் இந்தக் கலப்பு டிஸ்க்குகள் வரத் தொடங்கின. சின்ன ஃபிளாஷ் டிஸ்க்கும் பெரிய ஹார்ட் டிஸ்க்கும் ஒரே டப்பாவுக்குள் இருந்தால் எந்த சிஸ்டம் போட்டாலும் ஓடும். இரண்டையும் தனித்தனியாக வைத்து, டிரைவர் என்ற மென்பொருளால் ஒன்றாகச் சேர்த்திருந்த லேப்டாப்கள்தான் வில்லங்கம். "புது சிஸ்டத்துக்கு இது ரெண்டும் ஒண்ணுன்னு தெரியாதுடா. முதல்ல முறையா பிரி. சின்னதுல இருக்கறது பெருசுக்கு வந்து சேரட்டும், அப்புறம் கைய வை" என்று படித்துப் படித்துச் சொன்னாய். எனக்கு எதிலும் அவசரம்.

தவளக்குப்பத்து வாத்தியாரின் லேப்டாப்பை நீ சாப்பிடப் போன நேரத்தில் எடுத்தேன். சின்ன டிஸ்க்கை வெறும் டிஸ்க் என்று நினைத்து அழித்து, அதிலேயே விண்டோஸை ஏற்றினேன். பெரியதில் பாதிப் படங்கள் திறக்கவில்லை. பயந்துபோய் பழுது பார்க்கும் நிரலை ஓடவிட்டேன், அது மிச்சத்தையும் குலைத்தது. அவர் மகள் சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைப் படங்கள். அவர் மனைவி உயிரோடு இருந்த கடைசி விசேஷம் அது.

வாத்தியார் கடையில் நின்று கத்தினார். "யாரு இத தொட்டது?"

அப்போதுதான் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். வாத்தியார் அந்தப் பெண்ணுக்குச் சித்தப்பா. உனக்கு அது தெரியும். "நான்தான் சார்" என்றாய். நான் ஸ்க்ரூ பொறுக்குவதுபோல் குனிந்துகொண்டேன்.

அதன்பின் கடைக்கு வந்தவர்கள் என்னிடம் "அவருகிட்ட குடுக்காதீங்க, நீங்களே பாருங்க" என்றார்கள். மூன்றாம் மாதம் நீ கடையை விட்டுப் போனாய். காலாப்பட்டில் ஏதோ அலுவலகத்தில் பிரின்டருக்கு மை மாற்றுகிற வேலை. உன் அளவுக்கு டிஸ்க் தெரிந்தவன் இந்த ஊரில் யாருமில்லை. என் கல்யாணத்துக்கு வந்தாய், சாப்பிட்டாய், சிரித்தாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்டா, திட்டியாவது இருக்கலாம்.

உன்னை அடக்கம் செய்த மறு ஞாயிறு தவளக்குப்பம் போனேன். இத்தனை வருஷம் கழித்துத்தான் எனக்குத் தைரியம் வந்தது. "மாமா, அன்னைக்கு அத அழிச்சது நான். அவன் இல்ல" என்றேன்.

வாத்தியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "போனவன் மேல பழி நிக்கக் கூடாதுன்னு நீங்க ஏத்துக்கிறீங்க. எல்லாருக்கும் இந்த மனசு வராது மாப்ள."

பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தேன். "விடுங்க, எனக்குப் புரியுது" என்று காபி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் அவர் இதைச் சொல்லியிருக்கிறார். உன் பெயர் கெட்டது கெட்டபடியே கிடக்கிறது. என் பெயர்தான் இன்னும் கொஞ்சம் நல்லதாகிவிட்டது.