நாக்கில் ஒரு சொட்டு

ஆம்பூர், 1933 பிப்ரவரி 6
பெட்ரோலுக்கு அழுது மாளவில்லை. தோல் மூட்டைகளை ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் சேர்ப்பதற்குள் பாதிக் கூலியை லாரியே குடித்துவிடுகிறது. சோளத்தில் ஸ்பிரிட் வடித்து மோட்டார் ஓட்டலாம் என்று பத்திரிகையில் படித்ததிலிருந்து எனக்கு அதே நினைப்பு. ஸ்பிரிட் வடிக்க அப்காரி இலாகாவின் அனுமதியும் இன்று வந்துவிட்டது.

என் மனைவி சைரா சிரிக்கிறாள். "தொழுற மனுசன் சாராயம் காய்ச்சப் போறாராக்கும்!" குடிக்கப்போவது நானில்லை, லாரிதான் என்றேன்.

பிப்ரவரி 15
சோளக்கஞ்சியில் முளைகட்டிய கேழ்வரகைக் கலந்து பீப்பாயில் வைத்தோம். நுரைத்துப் பொங்குகிறது. கொட்டகை முழுக்கப் புளித்த வாடை. டிரைவர் கிருபானந்தம் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டே வேலை செய்தான். ஒரு காலத்தில் மொடாக்குடியன். ஜெபராணியைக் கட்டும்போது கோயிலில் சத்தியம் செய்து குடியை விட்டவன்.

"இன்னாப்பா, வாடை புடிக்கலியா?" என்று கேலி செய்தேன்.

"புடிக்குது பாய். அதான் கட்டிக்கினேன்."

பிப்ரவரி 21
வடித்தாயிற்று. தண்ணீர் ஜாஸ்தியானால் எஞ்சின் ஓடாது. வீரியம் பார்க்கும் கண்ணாடி மானிக்குச் சென்னைக்கு எழுத வேண்டும். அதுவரை யார் காத்திருப்பது? நான் நாக்கில் வைக்கக் கூடாது, ஹராம். "ஒரு சொட்டு வெச்சிப் பாத்துட்டுத் துப்பிடு" என்றேன். கிருபானந்தம் என் முகத்தையே பார்த்தான். பிறகு துண்டை அவிழ்த்தான்.

"இன்னொரு தபா வடிக்கணும் பாய்."

மார்ச் 4
லாரி ஜோலார்பேட்டை போய்த் திரும்பியது! மேட்டில்கூடத் திணறவில்லை. கிருபானந்தத்தின் நாக்கு இருக்க, மானி எதற்கு? சென்னைக்கு எழுதவில்லை.

மார்ச் 11
அவன் துப்புவதில்லை. பார்த்தேன். பார்க்காதவன் போல வந்துவிட்டேன்.

மார்ச் 19
ஜெபராணி வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. சைரா உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"உங்க நாக்குக்கு ஆவாதுன்னு அவரு நாக்குல வெச்சீங்களே பாய், அது இன்னா பாவம் பண்ணிச்சி?"

அல்லா, இன்னா காரியம் பண்ணிட்டேன்! அவன் சத்தியம் எனக்குத் தெரியாதா? தெரியுமே. என் நாக்கை மட்டும் காப்பாற்றிக்கொண்டேன். மானிக்கு இன்றுதான் எழுதினேன்.

மார்ச் 30
மானி வந்தது, பஞ்சு சுற்றி. மிதக்கவிட்டால் தானே அளவு சொல்கிறது. கிருபானந்தத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். குளித்து, தலைவாரி வந்திருந்தான்.

"இனிமே நீ வாயில வைக்க வேணாம்பா."

தலையாட்டினான். ஆனால் நகரவில்லை.

"கண்ணாடி தப்பா சொல்லிச்சின்னா பாய்? ஒரே ஒரு தபா... பாத்துச் சொல்லட்டா?"

கையை நீட்டினான். வடித்து வைத்திருந்ததை எல்லாம் மண்ணில் கொட்டினேன். வாடை குப்பென்று எழுந்தது. துண்டு அவன் தோளில்தான் கிடந்தது. அவன் எடுத்துக் கட்டவில்லை.