டேங்க் கழுவியதாகப் போட்ட கையெழுத்து

உத்திரமேரூர்
ஐப்பசி, புதன்கிழமை

அன்பு மகள் பூஜாவுக்கு அம்மா எழுதுவது.

தினமும் போனில் முகம் பார்த்துப் பேசிவிட்டு இப்படிக் காகிதத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். போனில் அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று சாப்டியா சாப்டியா என்று கேட்டுக்கொண்டே இருப்பார், எனக்கும் வாயைத் திறந்தால் பாதிப் பேச்சுதான் வெளியே வரும், மீதியை எழுதத்தான் தெரியும். இங்கே நாங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அயர்லாந்துக் குளிரில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். ஏரி முக்கால்வாசி நிரம்பிவிட்டது, அப்பா சம்பா நட்டு முடித்துவிட்டார். சின்னப் பசு கிடாரி போட்டிருக்கிறது, அதற்கு உன் பேரை வைக்கலாமா என்று கேட்டார், அவள் போனில் பார்த்தால் சண்டைக்கு வருவாள் என்று சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறேன்.

சங்கத்துக்கு என்னைத் தலைவி ஆக்கினதைச் சொன்னேன், எப்படி ஆக்கினார்கள் என்று சொல்லவில்லை. கோல்ஃப் மைதானத்துப் புல்லுக்குப் பொறுப்பான சூப்பரின்டென்டென்ட்கள் நாற்பத்திரண்டு பேர் இருக்கிற சங்கம், அதில் நான் ஒருத்திதான் பெண். பழைய தலைவர் துபாய் போய்விட்டார், யாரும் நிற்கவில்லை, இளவரசி மேடம் சண்டை போட மாட்டாங்க, அவங்களே இருக்கட்டும் என்று யாரோ சொல்ல எல்லோரும் கை தட்டிவிட்டார்கள். குடவோலை ஊருக்காரி ஓட்டே இல்லாம ஜெயிச்சிட்டா, நாமெல்லாம் புல்லை மாட்டுக்குப் போட்டுக்கினு கீறோம், இவ புல்லுக்கே தலைவியாம் என்று அப்பா நெல் மண்டி முழுக்கச் சொல்லிச் சிரித்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜ் படி மிதித்தவள் நான், வகுப்பில் ஒரு கேள்விகூடக் கேட்காமல் மூன்று வருஷத்தை முடித்தவள், அதனால் எனக்கும் சிரிப்புதான் வந்தது.

ஆடி மாசம் ஜெகன் என்று ஒரு உறுப்பினர் போன் செய்தார், மேற்கே ஒரு கிளப்பில் இருக்கிறார். போட்டிக்கு முந்தின வாரம், குழியைச் சுற்றிக் கம்பளம் மாதிரி வெட்டி வைத்திருக்கும் புல்தரை நாலு இடத்தில் கருகிவிட்டது, மருந்து அடிக்கிற மோகன் டேங்கைக் கழுவாமல் அடித்துவிட்டான், அவனை நிறுத்திவிட்டார்கள், என்மேல் தப்பு இல்லை என்று சங்கம் ஒரு கடிதம் கொடுத்தால் என் வேலை தப்பும் என்றார். சங்கத்து ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். பாய் விரித்த மாதிரி பட்டை பட்டையாக வைக்கோல் நிறம், முதல் தரையில் அதிகம், நாலாவதில் கொஞ்சம். டேங்கில் மிச்சம் இருந்த களைக்கொல்லி அடிக்க அடிக்கக் குறைந்திருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. எங்கள் வேலையில் களைக்கொல்லி அடித்த பிறகு டேங்கை மூன்று தடவை கழுவ வேண்டும், கழுவினதை சூப்பரின்டென்டென்ட் நேரில் பார்த்துவிட்டு நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். நோட்டைப் பார்த்தேன், கழுவியாச்சு என்று கையெழுத்து இருந்தது. பக்கத்தைத் திருப்பினேன், மருந்தே அடிக்காத வெள்ளி, சனிக்கும் அதே பேனாவில் கையெழுத்து இருந்தது. மோகன் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தான். கழுவலை சார்னு சொன்னேன் மேடம், டைம் இல்லடா அட்றான்னாரு, இப்ப நான் சொன்னா யாரு நம்புவா என்றான். திரும்பி வரும்போது காரில் கூட வந்தவர்கள், நம்ம ஆளை நாமே விட்டுக்கொடுத்தா அப்புறம் சங்கம் இன்னாத்துக்கு மேடம் என்றார்கள். நான் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை, நான் ஒத்துக்கொண்டதாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

பூஜா, அந்த நோட்டை நான் திருப்பிப் பார்த்ததற்குக் காரணம் இருக்கிறது. முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைக்கிற வழக்கம் எனக்கும் இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் மைதானத்தில் இரண்டாம் நம்பர் தரை கருகியது உனக்கு ஞாபகம் இருக்காது, நீ பன்னிரண்டு வயசுப் பெண். தென்னேரி வரதன் அண்ணன்தான் மருந்து அடிப்பார். அன்று காலை போன் செய்து, டேங்க் கழுவலை மேடம், ஊத்தட்டுமா என்று கேட்டார். ஊத்துங்க அண்ணா, லேட்டாவுது என்றேன். கமிட்டி அறையில் செகரட்டரி யார் மருந்து ஊற்றினது என்று கேட்டார், வரதன் என்றேன். யார் ஊற்றச் சொன்னது என்று அவர் கேட்கவில்லை, கேட்காத கேள்விக்கு நானும் பதில் சொல்லவில்லை. வரதன் அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு சரிங்க என்று தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். என் கூச்சத்தை எல்லோரும் நல்ல குணம் என்கிறார்கள். அன்றைக்கு அது எனக்கு வசதியாக இருந்தது.

ஜெகன் விஷயத்தில் கடிதம் எழுதி முடித்துவிட்டேன். டேங்க் கழுவவில்லை, கழுவியதாகக் கையெழுத்து மட்டும் முன்னாலேயே போடப்பட்டிருக்கிறது, இதை வேலையாள் தப்பு என்று சொல்ல முடியாது என்று எழுதியிருக்கிறேன். இதற்காகச் சங்கத்தில் பாதிப்பேர் என்னோடு பேச மாட்டார்கள், அது போகட்டும். ஆனால் என்னுடையதை மறைத்துக்கொண்டு ஜெகனுடையதை எழுத எனக்கு யோக்கியதை இல்லை, அதனால் கார்த்திகையில் நடக்கிற வருஷாந்திரக் கூட்டத்தில் என் கதையையும் எழுந்து சொல்லப்போகிறேன். கிளப் காதுக்குப் போகும், என் வேலையும் போகலாம். உன் படிப்பு இன்னும் ஒரு வருஷம் இருப்பதை நினைக்காமல் இல்லை. அப்பாவிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, மைக்ல சொல்லி அழுவப்போற சரி, அந்தாளு இப்ப இன்னா பண்றாரு, எங்க கீறாருன்னு ஒனக்குத் தெரியுமா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஒன்பது வருஷத்தில் ஒருநாள்கூட நான் விசாரிக்கவில்லை.

கடவுள் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும், படிப்பு முடிந்து நீ நினைத்த இடத்தில் நில். காலையில் வெறும் காபியோடு ஓடாதே, காது மூடாமல் வெளியே போகாதே, உனக்குச் சின்ன வயசிலிருந்தே காதில்தான் குளிர் ஏறும்.

இனி நான் இவ்வளவு நேரம் எழுதத் தயங்கினதைக் கேட்கிறேன். உன்னோடு ஏழாவது படித்த கல்பனா வரதன் அண்ணன் பெண். அவள் திடீரென்று நின்றபோது வேறு ஸ்கூல் மாறிவிட்டாள் என்று உன்னிடம் சொன்னேன், அவள் அப்பாவுக்கு என்னால் வேலை போனதால்தான் என்று சொல்லவில்லை. நீங்கள் இரண்டு பேரும் இப்போதும் மெசேஜ் போட்டுக்கொள்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தில் இருப்பதை முதலில் அவளிடம் சொல், உனக்கு என்மேல் கோபம் வந்தால் வந்த கோபத்தோடேயே சொல். எனக்காகப் பரிந்து பேசாதே. கூட்டத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்கு வரலாமா என்று மட்டும் அவள் அப்பாவிடம் கேட்கச் சொல். வேண்டாம் என்று அவர் சொன்னால் அதையும் மறைக்காமல் எனக்கு எழுது.

உன் அம்மா,
வெ. இளவரசி