ஆல்டர் ஹில்லில் சாகாதவர்கள்

ஆல்டர் ஹில்
மார்ச் 4

அன்புள்ள க்ளோடெட்,

நலம்தானே? ஆய்வு எழுத உட்கார்ந்ததிலிருந்து சர்ச் பக்கம் உன் தலையே தெரியவில்லை. கோழி பொரிக்கும்போதெல்லாம் உன் பேச்சுதான்.

போன வாரம் முடிவெட்டும் கடையில் பையன்கள் முட்டிக்கொண்டார்கள். ஒருவன் இடுப்பில் துப்பாக்கி. எங்களோடு தெருச்சண்டை விலக்கும் நம் டெல்ராய் நடுவில் போய் நின்றான். "டேய், உங்கம்மா இப்பத்தான் ஆஸ்பத்திரியிலேருந்து வந்திருக்கா. மறுபடியும் அங்கேயே உக்கார வைக்கப் போறியா?" பையன் அழுதேவிட்டான். அன்றைக்கு யாரும் சாகவில்லை.

சர்ச், ஆஸ்பத்திரி, போலீஸ், தெருவில் அலைந்து சண்டை விலக்கும் நாங்கள் எல்லாரும் சேர்ந்து நடத்தும் இந்தத் திட்டத்தால் துப்பாக்கிச் சூடு குறைகிறதா என்று பார்க்கத்தானே நகராட்சியில் உன்னை வைத்திருக்கிறார்கள்? இதை எழுதுவாயா?

அன்புடன்,
வெர்னெல்

மே 19

அன்புள்ள வெர்னெல் அக்கா,

உங்கள் கோழிக்கு நாக்கு ஏங்குகிறது.

டெல்ராயைப் பல தடவை பேட்டி எடுத்து, அவன் செய்ததை எழுதினேன். ஆனால் இந்தத் திட்டமே இல்லாத பக்கத்துப் பேட்டையிலும் துப்பாக்கிச் சூடு குறைந்திருக்கிறது. உங்களால்தான் குறைந்தது என்று என்னால் காட்ட முடியவில்லை. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. போலீஸ்காரர்கள் திட்டக் கூட்டங்களுக்கே வருவதில்லை, இன்னும் அவகாசம் வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். பொய் எழுதக் கை வரவில்லை, அக்கா. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள்,
க்ளோடெட்

ஆகஸ்ட் 30

க்ளோடெட்,

உன் அறிக்கையில் 'நிரூபணம் இல்லை' என்ற வரியை மட்டும் படித்துவிட்டுத் திட்டத்தை மூடிவிட்டார்கள்.

டெல்ராய் சரக்குக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். பையன்கள் முட்டிக்கொண்டால் தாய்மார்கள் அவனுக்குப் போன் செய்வது நிற்கவில்லை. "நான் இப்ப யாருமில்லக்கா. ஆனா போன் அடிக்குதே, எடுக்காம இருக்க முடியுமா?" என்பான்.

முன்பெல்லாம் இரண்டு பேராகப் போவோம். திட்டத்தின் ஆரஞ்சுச் சட்டையைப் பார்த்தாலே தெரு வழிவிடும். செவ்வாய்க்கிழமை போன் வந்ததும் கிடங்கு உடுப்போடு தனியாகப் போனான். எதிர்க்கும்பல் ஆள் என்று நினைத்துச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை அடக்கம்.

வெர்னெல்

செப்டம்பர் 1

அக்கா,

அறிக்கையின் கணக்கை மறுபடியும் மறுபடியும் போட்டுப் பார்த்தேன். தப்பு இருந்தால் நன்றாக இருக்கும் என்று வேண்டிக்கொண்டே பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

அடக்கத்துக்கு நான் வரலாமா? அவன் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது? வேண்டாம் என்றால் வரவில்லை.

க்ளோடெட்

செப்டம்பர் 4

க்ளோடெட்,

டெல்ராயின் அம்மாவிடம் கேட்டேன். "யாரு, அந்தப் பேட்டி எடுக்கிற பொண்ணா? வரச் சொல்லு. எங்கிட்ட அவன் எதையுமே சொன்னதில்ல. அவகிட்ட மணிக்கணக்கா பேசியிருக்கான். என்ன பேசினான்னு வந்து சொல்லட்டும்" என்றாள்.

எனக்கு உன்னிடம் பேச்சு வருமா, தெரியவில்லை. ஆனாலும் சர்ச்சில் என் பக்கத்தில் உனக்கு இடம் போட்டு வைக்கிறேன்.

வெர்னெல்